வைக்கோலும் கண்டுமுதல்தான்: சம்பா அறுவடை குறித்து எங்கள் நிலைப்பாடு

காவிரி டெல்டாவில் தை பிறந்ததும் சம்பா அறுவடை சூடுபிடிக்கும். தாளடி வயல்கள் மாசி வரை நீளும். இந்த இரண்டு மாதங்களில் உழவருக்கு நெல்லைப் பற்றிய ஆலோசனை ஒரு துறையிலிருந்தும், மாடு வளர்ப்போருக்கு நோயைப் பற்றிய ஆலோசனை இன்னொரு துறையிலிருந்தும் வருகின்றன. நெல்லையும் மாட்டையும் சேர்த்துப் பிடிக்கும் வைக்கோல் இரண்டிலும் ஓரமாகத்தான் நிற்கிறது. நெல் சாகுபடி செய்வோரும் கறவை மாடு வைத்திருப்போரும் ஒன்றாக அமர்ந்து பேசும் சங்கம் எங்களுடையது. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இரண்டையும் செய்பவர்கள். ஆகவே இந்தக் கேள்வியில் எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். நெல் மூட்டை ஏறியதோடு அறுவடை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. வைக்கோல் காய்ந்து, கட்டி, மேட்டில் ஏறிய பிறகே அந்த வயலின் கண்டுமுதல் கணக்கு முடிய வேண்டும். வயலில் வைக்கோலைக் கொளுத்துவதை நாங்கள் எதிர்க்கிறோம். சேற்றில் அழுக விடுவதையும் அதே அளவு இழப்பாகக் கருதுகிறோம். வைக்கோலைக் காப்பதற்கான இயந்திரம், கால அட்டவணை, இழப்பீடு மூன்றையும் அரசு நெல்லுக்கான ஏற்பாடுகளோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று கோருகிறோம்.

ஏன் இந்த வலியுறுத்தல்

நெல்லின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடையில் வைக்கோல் விளைகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் காணும் வயலில் இரண்டு டன்னை ஒட்டிய வைக்கோலும் நிற்கிறது. இயந்திரம் விட்ட அடித்தாள், மிதிபட்டது, சேற்றில் ஒட்டியது எல்லாம் போகப் பாதி கைக்குக் கிடைத்தாலும் அது ஒரு டன். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ வைக்கோல் என்று வைத்தால், பங்குனி முதல் ஆனி வரையிலான 120 நாளுக்கு 720 கிலோ போதும். ஓர் ஏக்கர் வைக்கோல் ஒரு மாட்டைக் கோடையிலிருந்து கரை சேர்த்துவிடும், மிச்சமும் இருக்கும்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது மரபு. தண்ணீர் நின்ற பிறகு வாய்க்கால் கரையில் புல் காயும். தை மாதத்தில் வயலில் வீணாகும் வைக்கோலை, சித்திரையில் வண்டி வாடகை கொடுத்து வாங்கும் நிலைமை அதே ஊரில் வருகிறது. டெல்டா வைக்கோல் லாரி லாரியாகக் கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் போவதை எல்லோரும் அறிவார்கள். விற்பவருக்கு அது வருமானம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் மாட்டுக்கு ஒதுக்கிய பிறகு விற்பதுதான் முறை. 2017இல் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, மாடுகளைக் காப்பாற்ற அரசே உலர் தீவனக் கிடங்குகளைத் திறந்து மானிய விலையில் கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் சேர்த்து வைப்பது அப்படிப்பட்ட ஆண்டுக்கான காப்பு.

கைஅறுவடைக் காலத்தில் நிலமில்லாத வீட்டுக்கும் அறுப்புக்குப் போன இடத்திலிருந்து மாட்டுக்கு வைக்கோல் கிடைத்தது. இயந்திரம் வந்தபின் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒன்றிரண்டு மாட்டுப் பாலை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களை இது நேராகத் தாக்குகிறது. அவர்கள் தரப்பையும் இந்த அறிக்கை பேசுகிறது.

உழவர்களுக்கு எங்கள் ஆலோசனை

வைக்கோலின் தரம் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தீர்மானமாகிறது. கதிரில் பத்துக்கு எட்டு மணி பொன்னிறம் கண்டால் அறுக்கலாம். அதற்கு ஏறத்தாழ பத்து நாளுக்கு முன் வயலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிந்த வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கும், வைக்கோலும் மண் ஒட்டாமல் விழும். வடியாத வயலுக்கு வாடகை கூடுதலான பெல்ட் வண்டிதான் வழி. அது திரும்புகிற இடமெல்லாம் முழங்கால் பள்ளம் விழுந்து, பின்னால் கொட்டுகிற வைக்கோலை அடுத்த சுற்றில் அதே பெல்ட் சேற்றோடு அழுத்திவிடும். அப்படி அழுந்திய வைக்கோலை, வைக்கோல் கட்டும் எந்த இயந்திரமும் எடுக்காது, எந்த மாடும் தின்னாது.

வண்டி வயலில் இறங்குமுன் ஓட்டுநரிடம் இரண்டு விஷயங்களைப் பேசி முடியுங்கள். ஒன்று, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் அடித்தாள் விடக் கூடாது. இரண்டு, வைக்கோலைச் சிதறடிக்காமல் வரிசையாக விட வேண்டும். தாழ்வாக அறுத்தால் வண்டி மெதுவாகத்தான் போகும்; மணிக்கணக்கில் வாடகை ஓடுவதால் கொஞ்சம் கூடுதல் செலவாகும். கிடைக்கும் வைக்கோலின் விலையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வரிசையில் கிடக்கும் வைக்கோலை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிக் காயவிட்டே கட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். கையில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது, மடித்தால் சட்டென ஒடிய வேண்டும். ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், சூடேறித் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு. போரையோ கட்டுகளையோ மேட்டில், அடியில் பலகையோ கழியோ பரப்பி அடுக்குங்கள். வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் விலகி இருக்கட்டும்.

உளுந்து, பயறு தெளிக்கும் வயல்களுக்கு வேறு ஒழுங்கு வேண்டும். நிற்கிற நெல்லுக்குள்ளேயே மெழுகு பதத்தில் விதை தெளித்துவிட்டுப் பிறகு அறுக்கிறோம். அங்கே வைக்கோல் குவியலாகக் கிடந்தால் அடியில் முளைத்த பயிர் வெளுத்து மடியும். கட்டு இயந்திரத்தை இறக்கினாலும் முளை நசுங்கும். இந்த வயல்களில் அறுத்த ஓரிரு நாளிலேயே ஆள்வைத்து வைக்கோலை வரப்புக்கு ஏற்றிவிடுவதுதான் சரி. அவசரத்தில் தீ வைப்பவர்களில் பலர் இந்த உளுந்துக்காகத்தான் வைக்கிறார்கள் என்பதை அறிவோம். தீ வைத்தால் வைக்கோலில் உள்ள தழைச்சத்து அனேகமாக முழுவதும் புகையாகப் போகிறது, மேல்மண்ணின் நுண்ணுயிர்களும் வேகின்றன. பின்பு வரும் பயிருக்குத் தேவையானதை நாமே எரித்துவிட்டு உரக்கடையில் கடன் சொல்கிறோம்.

வைக்கோலை எடுத்துவிட்டால் மண்ணின் சத்து குறையாதா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு தாளில்தான் இருக்கிறது. அதனால்தான் அடித்தாளையும் வேரையும் மடக்கி உழச் சொல்கிறோம். எடுத்துப் போன வைக்கோலுக்கு ஈடாக எருவை வயலுக்குத் திருப்பச் சொல்கிறோம். அறுவடை முடிந்த தரிசில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும், ஆடு மேய்க்கும் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போடுவதும் நல்ல வழி. மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு வைக்கோல் கொடுத்து எருவாக வாங்கிக்கொள்ளும் பழைய கொடுக்கல் வாங்கலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மாடு வளர்ப்போருக்கு எங்கள் ஆலோசனை

அறுவடைக் காலத்தில் மாட்டுக்கு வரும் முதல் ஆபத்து அளவுமீறிய தானியம். களத்தில் குவித்த நெல்லை இரவில் அவிழ்ந்த மாடு வயிறு முட்டத் தின்றுவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் வீடு வீடாகப் பொங்கலும் சோறும் ஊட்டுவோம். நார்த்தீவனம் செரித்துப் பழகிய வயிற்றில் மாவுச்சத்து திடீரென்று நிறைந்தால் அது புளித்து அமிலமாகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும். இடது பக்க வயிறு உப்பும். சாணம் நீர்த்து, புளித்த வாடையோடு, சிலசமயம் முழு நெல்மணிகளோடு வரும். பிறகு தள்ளாடிப் படுத்துவிடும். இந்த நிலையில் ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது மாட்டை இழக்கும் வழி. கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், அல்லது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள். பொங்கலைக் கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். களத்து நெல்லைச் சுற்றி அடைப்பு வையுங்கள்.

இரண்டாவது ஆபத்து பூஞ்சணம். வெள்ளையோ கறுப்போ படர்ந்த, முக்கல் வாடை வீசும் வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள். வெயிலில் உலர்த்தினால் பூஞ்சணம் உதிரும், அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். அத்தகைய வைக்கோலை எருக்குழிக்கு அனுப்புங்கள். மூன்றாவது, கட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் கயிறு. பிரித்தவுடன் ஒவ்வொரு கயிற்றையும் எடுத்துவிட வேண்டும். விழுங்கிய கயிறு வயிற்றுக்குள் பந்தாகச் சுருண்டு அடைத்துவிடும். எலிக்கு வைத்த மருந்து, பூச்சிமருந்து தெளித்த சில நாளிலேயே அறுத்த வயலின் தாள், இவற்றிலும் கவனம் தேவை.

வைக்கோல் வயிற்றை நிரப்பும். தனியாக மாட்டை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட் அதிகம். வரப்பில் அகத்தி, வேலிமசால், ஒரு மூலையில் கம்பு நேப்பியர், தினமும் தாது உப்புக் கலவை என்று சேர்த்துக் கொடுங்கள். வைக்கோலையே சத்தேற்றவும் முடியும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிரித்தபின் நெடி போகக் காற்றாட விட்டு, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைசலை மாடு குடித்தால் உயிர் போகும். வாளியைக் கண்பார்வையில் வையுங்கள். முதல்முறை செய்பவர்கள் மருத்துவர் முன்னிலையில் செய்வது நல்லது.

நெல் தூக்கிய மறுநாளே மாட்டை அவிழ்த்து விடும் வழக்கம் பக்கத்து வயல் உளுந்தை அழிக்கிறது. இதனால் ஊருக்குள் எழும் சண்டைகளை நாங்கள் ஆண்டுதோறும் தீர்த்து வைக்கிறோம். உளுந்து நிற்கும் வயல்கள் எவை, மேய்ச்சலுக்குத் திறக்கும் வயல்கள் எவை, எந்தத் தேதியிலிருந்து என்பதை அறுவடைக்கு முன்பே ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும்.

அரசுக்கு எங்கள் கோரிக்கைகள்

முதலாவது, வேளாண்மைத் துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் மார்கழியிலேயே கிராமம்தோறும் ஒரே கூட்டம் நடத்தி, ஒரே ஆலோசனைத் தாளைத் தர வேண்டும். அதை உழவன் செயலியிலும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் அறுவடை இயந்திரங்களோடு வைக்கோல் கட்டும் இயந்திரங்களும் அதே ஊருக்கு அதே வாரத்தில் வர வேண்டும். அறுத்துப் பத்து நாள் கழித்து வரும் கட்டு இயந்திரத்தால் பயனில்லை.

மூன்றாவது, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரப்பத விதிக்கான தளர்வை மழை பெய்த பிறகு கேட்டுப் பெறும் நிலை மாற வேண்டும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் பருவம் தவறிய மழை அறுவடைப் பயிரைச் சாய்த்தது. நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காவல் கிடக்கும் உழவரால் வயலில் நனையும் வைக்கோலைத் திரும்பிப் பார்க்க முடியாது. ஈர ஆண்டுகளுக்கான தளர்வை முன்கூட்டியே வகுத்து, நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்களை வைக்க வேண்டும்.

நான்காவது, 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதம் என்று கணக்கிட்டு நிவாரணம் தரும்போது, அழுகிய வைக்கோலின் மதிப்பையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒன்றியத்துக்கு ஓர் உலர் தீவனக் கிடங்கு நிரந்தரமாக இயங்க வேண்டும். தையில் உள்ளூர் உழவரிடம் நியாய விலைக்கு வாங்கி, கோடையில் நிலமில்லாத மாடு வளர்ப்போருக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வது

கோரிக்கை வைப்பவர்கள் தாங்களும் பொறுப்பேற்க வேண்டும். இந்த அறுவடையில் எங்கள் உறுப்பினர் எவரும் வயலில் தீ வைக்க மாட்டார். தை கடைசி வரை உள்ளூர் மாட்டுக்கு வைக்கோல் கேட்பவர்களுக்கே முதல் உரிமை, அதன் பிறகே வெளியூர் வியாபாரிக்கு விற்பனை. இடுபொருளுக்கு முன்பணம் வாங்கியதால் வைக்கோலை அவசரமாக விற்க வேண்டிய சிறு உழவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாமல் கைமாற்று தருவோம். யூரியா சத்தேற்றும் செய்முறையை ஊர்ப் பெண்களுக்குக் கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுவோம். மாசி கடைசியில் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மாடு, கையிருப்பில் எவ்வளவு வைக்கோல் என்று கணக்கெடுத்து, பற்றாக்குறை உள்ள ஊர்களின் பட்டியலை மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கொடுப்போம். சித்திரை வெயில் வருமுன் அந்தப் பட்டியலின் மீது நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் வழியாக நாங்கள் இன்று முன்வைக்கும் வேண்டுகோள்.