சட்டம் மறந்த ஆண்கள்

வட மாநிலங்களில் ரயிலில் பயணிப்பவர்கள், இருப்புப்பாதை ஓரச் சுவர்களில் ஆண்மைக் குறைவுக்கு உத்தரவாத சிகிச்சை என்கிற விளம்பரங்களைக் காணாமல் இருக்க முடியாது. இப்போது அவை செல்பேசித் திரைக்கும் இடம்பெயர்ந்திருக்கின்றன. குழந்தை இல்லாத ஏக்கமும், அதை வெளியில் சொல்லக் கூசும் தயக்கமும்தான் இந்த வணிகத்தின் மூலதனம்.

மூலிகைகளில் எதுவுமே இல்லை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. 2013-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில், விந்தணு குறைந்த 46 பேர் பங்கேற்றனர். அவர்களில் அமுக்கரா வேரின் சாரம் 90 நாள்கள் தரப்பட்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கையும் டெஸ்டோஸ்டிரோன் அளவும் உயர்ந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், ஒரு சிறு குழுவில் கண்ட முன்னேற்றம் எல்லோருக்குமான உத்தரவாதம் ஆகிவிடாது.

அதே அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் அதற்குத் தடை விதித்தது. பருத்தி விதையிலுள்ள காசிப்பால், 1970-களில் சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக 8,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டபோது, சிலருக்கு விந்தணு உற்பத்தி மீளவே இல்லை. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று கருதுவது பேதைமை.

அதைவிட ஆபத்தானது, மூலிகை என்ற பெயரில் சில்டெனாஃபில் போன்ற ரசாயன மருந்தைக் கலந்து விற்பது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும். மேலும், ஆண்மையும் குழந்தைப்பேறுக்கான திறனும் ஒன்றல்ல. டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்தினால் விந்தணு உற்பத்தி குறையவே செய்யும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண்மைக் குறைவு இருக்கிறது. 'பெண்களின் மலட்டுத்தன்மை' இருக்கிறது. ஆண்களின் மலட்டுத்தன்மை இல்லை. குழந்தையின்மை என்றால் பெண்ணின் குறை என்கிற சமூகத்தின் பார்வையையே நாடாளுமன்றமும் பிரதிபலித்திருக்கிறது. அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு வகுத்த சிறைத் தண்டனை அதிகபட்சம் ஆறு மாதங்கள். அதை இரண்டு ஆண்டுகளாகவும் அபராதத்தை ரூ.10 லட்சமாகவும் உயர்த்த 2020-ல் வெளியிடப்பட்ட வரைவு, அடுத்த ஐந்தாண்டுகளில் சட்டமாகவில்லை.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் விளம்பரங்களுக்கு முன் அனுமதி கோரும் 170-ஆவது விதி 2018-ல் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று 2023-ல் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய ஆயுஷ் அமைச்சகம், 2024 ஜூலையில் விதியையே நீக்கியது. அந்த நீக்கத்தை உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது.

விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். விளம்பரத்தை நம்பி ஆண்டுகளை இழக்கும் தம்பதியருக்கு, அந்தக் காலத்தை யாராலும் திருப்பித்தர முடியாது. பழிச்சொல்லைச் சுமப்பவளும் பெரும்பாலும் மனைவிதான். பாரம்பரிய மருத்துவத்தின் மீது அரசுக்கு உண்மையான மதிப்பு இருக்குமானால், அதன் பெயரால் நடக்கும் மோசடியைத் தடுப்பதுதான் அதற்குச் செய்யும் முதல் மரியாதை!