திறக்க மறுக்கும் கடிதங்கள்



அயல்நாட்டுக் கடிதத்தை அஞ்சற்காரரிடம் வாங்கி, உறையின் ஓரத்தைப் பதமாகக் கிழித்து, வீட்டார் அனைவரும் கேட்க உரக்க வாசித்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். உறை வந்ததென்றால் செய்தியும் வந்ததென்றே பொருள். இன்றோ மின்னஞ்சல் வந்து சேர்ந்த பின்னரும் அதனுடன் வந்த இணைப்புத் திறவாமல் அடம்பிடிக்கின்றது. "சாமி, பேத்தி படம் அனுப்பியிருக்கிறாளாம், எங்கே தொட்டாலும் ஒன்றும் வரவில்லை" என்று கைப்பேசியை நீட்டும் பாட்டிமார் எல்லாப் பங்குகளிலும் உண்டு. தமக்குப் படிப்பறிவு போதவில்லை என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வதுதான் நமக்கு வருத்தம் அளிக்கின்றது. நாம் கண்ட அளவில், குறை பெரும்பாலும் அனுப்பியவரிடமே இருக்கின்றது.

மின்னஞ்சல் என்பது தொடக்கத்தில் எழுத்துகளை, அதிலும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமப்பதற்கென வகுக்கப்பட்ட வண்டி. படமும் ஒலியும் அதில் முறையாக ஏறிச்செல்ல 1992-ஆம் ஆண்டில் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர் வகுத்த 'மைம்' என்ற முறையே வழிசெய்தது. இம்முறையில் படம் எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டுப் பயணம் செய்து, சேருமிடத்தில் மீண்டும் படமாகின்றது. இடையில் அதன் பருமன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடிவிடும். எனவே, வரம்புக்குச் சற்றே உட்பட்ட கோப்பும் வழியில் திருப்பி அனுப்பப்படுவதுண்டு.

ஜிமெயிலில் இவ்வரம்பு 25 மெகாபைட். அதனை மிஞ்சிய கோப்பு கூகுள் டிரைவ் என்னும் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டு, அதற்குச் செல்லும் சுட்டி மட்டுமே நமக்கு வருகின்றது. நம் இளைஞர் 'லிங்க்' என்பது இதனையே. அதைத் தொட்டதும் 'அனுமதி வேண்டும்' என்ற அறிவிப்புத் தோன்றினால் பாட்டி செய்யத்தக்கது ஏதுமில்லை; பூட்டின் சாவி பேத்தியிடம் உள்ளது. சுட்டி உடைய எவரும் காணலாம் என்று அவள் மாற்றியமைத்தல் வேண்டும். குடும்பப் படங்களுக்கு இது போதும். ஆதார் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றிற்கு இவ்வாறு செய்யலாகாது. பெறுபவரின் முகவரிக்கு மட்டும் அனுமதி தருவதே முறை.

2017 முதல் ஐஃபோன்கள் படங்களை 'ஹெச்.இ.ஐ.சி.' என்னும் வடிவில் சேமித்து வருகின்றன. பழைய கணினிகள் அதனை அறியா. 'ஜேபெக்' வடிவில் அனுப்புமாறு மகனிடம் கூறுக. அவுட்லுக் பயன்படுத்தும் அலுவலகங்களிலிருந்து சில வேளை 'வின்மெயில் டாட் டேட்' என்ற பெயருடன் ஓர் இணைப்பு வரும். அதனோடு மல்லாட வேண்டா. மடலை வெறும் எழுத்து வடிவில் அமைத்து மீண்டும் அனுப்பக் கேட்பதே எளிது. நீண்ட சுட்டி ஒன்று வரி முடிவில் முறிந்து பாதி மட்டும் நீல நிறமாய்த் தோன்றினால், இரு பாதிகளையும் இடைவெளியின்றிச் சேர்த்து ஒட்டினால் திறந்துவிடும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. மணமக்கள் இருவேறு பங்கினராயின் ஓலை வாசிப்பதற்காகப் பங்குகளுக்கிடையே கடிதம் செல்ல வேண்டுமல்லவா? அக்கடிதம் சனிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்து, திறந்தும் விட்டது. ஆனால் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல். மறுநாள் முதல் ஓலை வாசிக்க இயலாமற்போக, மண்டபமும் அழைப்பிதழும் உறுதிசெய்துவிட்ட குடும்பத்தார் கலங்கி நின்றதை நாம் கண்டிருக்கிறோம். காரணம் இதுவே: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சிட்ட கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழாகத் தெரியாது. 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களை விட மனமில்லாதோர் இன்னும் பலர். விடவேண்டா, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். வடிவிலாவது அனுப்புங்கள்.

கடவுச்சொல் கேட்கும் பி.டி.எஃப். பழுதானதன்று, பூட்டப்பட்டது. இணையத்தில் பெறும் ஆதாருக்குக் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டு, பிறந்த ஆண்டின் நான்கு இலக்கங்களைச் சேர்ப்பதாகும். நம்மவர் பெயர் தலைப்பெழுத்துடன் தொடங்குவதால் இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். தலைப்பெழுத்தை அடுத்துள்ள புள்ளியும் ஓரெழுத்தாகவே எண்ணப்படும், இடைவெளி எண்ணப்படாது. வங்கிக் கணக்கறிக்கைகளுக்குரிய விதி பெரும்பாலும் அம்மடலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதுகாறும் கூறியவை திறக்கப்பட வேண்டியவை. திறக்கவே கூடாதவையும் உண்டு. கைப்பேசியில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளைப் பற்றி இமாசலப் பிரதேசக் காவல்துறை 2024-இல் மக்களை எச்சரித்தது. அது வாசிக்கும் கடிதமன்று. கைப்பேசிக்குள் குடியேறும் செயலி. உள்ளே புகுந்தால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அது படிக்கக்கூடும். இத்தகைய கோப்பைத் தொட்டதும் கைப்பேசி தானே தடுத்து, அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கலாமா என வினவும். 'இதுவும் திறக்கவில்லையே' என்று சலித்து அனுமதி கொடுத்துவிடுவோர் உளர். திறவாதிருந்ததே அங்கு நன்மை. உறவினர் எண்ணிலிருந்து வந்தது என்பதும் போதிய சான்றன்று; அவர் கைப்பேசியே பிறர் கைக்குப் போயிருக்கலாம். அவரை அழைத்து, குரலைக் கேட்டு, அனுப்பினீர்களா என்று வினவுங்கள். ஏற்கெனவே பணம் பறிபோயிருப்பின், காலம் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பங்கு அலுவலகத்திற்குச் சான்றிதழ் கேட்டு எழுதுவோர்க்கு ஒரு விண்ணப்பம். விவரங்களை இணைப்பில் வைக்காமல் மடலிலேயே எழுதுங்கள்: முழுப்பெயர், பெற்றோர் பெயர், திருமுழுக்குப் பெற்ற ஆண்டு, தொலைபேசி எண். படம் தேவையாயின் ஒன்று போதும். அது தலைகீழாக இல்லாமல் இருந்தால் மிகவும் நன்று.