பேச்சுக்குக் கூலியா?

மனக்கோளாறுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று நாம் சொன்னால், “வெறும் பேச்சுக்கு எதற்கய்யா பணம்?” என்று கேட்கிறவர்கள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும் உண்டு, கல்வராயன் மலையிலும் உண்டு. கேட்கட்டும். காசு கொடுக்கிறவன் கணக்குக் கேட்பது நல்லதுதான். ஆனால் இதே தோழர், வீட்டுப் பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று கோடாங்கியை அழைத்தபோது கணக்குக் கேட்டாரா? உடுக்கைக்கு ஒரு தட்சணை, கோழிக்கு ஒன்று, தாயத்துக்கு ஒன்று. பேய் போகாவிட்டால் அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் ஒன்று. கோடாங்கி விற்றதும் பேச்சுத்தானே!

இதில் மதபேதமும் கிடையாது. ஏர்வாடியில் தர்காவை நம்பி உறவினர் விட்டுச்சென்ற மனநோயாளிகளில் 28 பேர், 2001 ஆகஸ்டு 6இல் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியை அவிழ்க்க ஆளின்றிக் கருகிச் செத்தார்கள்.

ஆலோசகர் செய்வது என்ன? பயிற்சி பெற்ற ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரே ஒருவர் சொல்வதைக் கேட்டு, அச்சம் எங்கிருந்து வருகிறது, குடி எந்த வேளையில் இழுக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அதை மாற்றப் பழக்குகிறார். மாத்திரையைப்போல் ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் செய்து அடுக்க முடியாது. ஆகையால்தான் தனியாரிடம் விலை ஏறுகிறது. ஒரு தடவையோடு முடிவதுமில்லை. முதல் நாளே, “தடவைக்கு எவ்வளவு? சுமார் எத்தனை தடவை? குறைத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டுவிட வேண்டும். துணிக்கடையில் பேரம் பேசும் நமக்கு இங்கே மட்டும் என்ன வெட்கம்?

ஏழைக்கு வழியுண்டு. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், சர்க்கார் மனநல நிலையங்களில் காசில்லாமல் வைத்தியம் பெற உரிமையுள்ளவர். இன்சூரன்ஸ் கம்பெனிகளும் உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இடம் கொடுக்க வேண்டுமென்று அதே சட்டம் சொல்லுகிறது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசிவிட்டு வீடு திரும்புகிறவருக்குத் தராது. பாலிசி வைத்திருக்கும் நகரத்துத் தோழர்கள் அதைப் பிரித்துப் படிப்பார்களாக.

சரி, இலவசம் என்றே வைத்துக்கொள்ளுவோம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் பழங்குடித் தோழருக்குப் பஸ் செலவு, துணைக்கு வருகிறவர் செலவு, இருவரின் ஒருநாள் கூலி நஷ்டம். இதைப் பத்து வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மலைக்காரன் கட்டும் கட்டணம் இதுதான். இது எந்த ரசீதிலும் வராது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. அந்த மனிதன் உயிரோடிருந்தபோது குடியை விடப் பழக்கும் ஒருவர் முன் வாரந்தோறும் உட்கார வைத்திருந்தால், தடவைக்கு 1,000 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 52,000 ரூபாய்தானே!

14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். ஆனால் டவர் கிடைக்காத மலையூரில் போன் என்ன செய்யும்? ஆலோசகர் மலையேறி வருகிறாரென்றால், எந்தக் கிழமை, எந்த இடம் என்று ஒவ்வொரு மலையூரிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போடட்டும். வரவில்லையென்றால், வாரம் ஒரு நாளாவது வரச்சொல்லிக் கலெக்டருக்கு மனுப்போட மலைத் தோழர்கள் கையெழுத்துச் சேர்க்கட்டும்.