லோயர் கேம்ப் பிள்ளைக்கு இத்தாலி மொழி எதற்கு?

"இத்தாலி மொழியா? லோயர் கேம்ப்பிலிருந்து போன பையனுக்கா? எதற்கு?" தொழிலாளி வீட்டுப் பிள்ளை கல்லூரியில் பாடத்தோடு பாடமாக இத்தாலி மொழியின் அரிச்சுவடியையும் எடுத்துப் படிக்கிறேன் என்றால், இப்படிக் கேட்டுச் சிரிக்கச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் 'உனக்கு இவ்வளவு போதும்' என்ற பழைய ஆணவம் ஒளிந்திருக்கிறது. ஆகவே பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது.

லோயர் கேம்ப்பை அறியாதவரா நாம்? ஊரின் பெயரே ஆங்கிலம். மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர் அங்கேதான் மின்சாரமாகிறது. கடல் கடந்து வந்த பொறியாளர் பென்னிகுக்குக்கு 2013-இல் மணிமண்டபம் எழுந்ததும் அங்கேதான். விடியுமுன் அந்த வழியாகக் குமுளி மலைச்சாலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள் அதில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். மேலே போனதும் மலையாளத்தில் கணக்குக் கேட்கிறார்கள். கூலி குறைந்தால் மலையாளத்திலேயே வாதாடுகிறார்கள். எந்தக் கல்லூரி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது? வயிறு கற்றுக் கொடுத்தது! தாய் காதால் கேட்டே ஒரு மொழியை வசப்படுத்தினாள் என்றால், மகன் புத்தகம் வைத்து இன்னொரு மொழியைக் கற்க முடியாதா?

"மலையாளம் நமக்குப் பக்கத்து வீடு, இத்தாலி எங்கேயோ இருக்கிறது" என்பார்கள். தூரம்தான். ஆனால் முதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் மொத்தம் 21. நம் மொழியில் ஒற்று இரட்டித்தால் பலி பல்லியாகிறது. அங்கே 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. நாம் சின்னவரை நீ என்றும் பெரியவரை நீங்கள் என்றும் அழைப்பதுபோல, அவர்களுக்கும் 'தூ' உண்டு, 'லேய்' உண்டு. 'வந்தேன்' என்றாலே வந்தது நான்தான் என்பது நமக்குத் தெரிகிறதல்லவா? அவர்களும் வினையின் வாலைப் பார்த்தே ஆளை அறிகிறார்கள். 'லவோரோ' என்ற ஒரே சொல் 'உழைப்பு' என்றும் 'உழைக்கிறேன்' என்றும் பொருள் தருகிறது. அந்த உழைப்பின் மீதுதான் தங்கள் குடியரசு நிற்கிறது என்று, 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் முதல் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

இத்தாலியர் இந்தப் பாடத்தை நம்மிடம் முன்பே படித்துப் போனவர்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி தமிழின் அரிச்சுவடியில்தான் தொடங்கினார். நூறாண்டுக்குப் பின் வந்த பெஸ்கி, வீரமாமுனிவராகித் தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தந்தார். தமக்குப் பின் வருவோர் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக இலத்தீனில் இலக்கணமும் எழுதி வைத்தார். வந்தது மதம் பரப்பத்தான். ஆனால் தமிழை மதித்துக் கற்றார். அதனால்தான் 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. மொழியைக் கற்றவனுக்குச் சிலை வைத்த நாம், மொழி கற்கப் போகும் நம் பிள்ளையை எள்ளலாமா?

"இந்தியை எதிர்த்தவர்கள் இத்தாலியை வரவேற்கலாமா?" என்று மடக்கப் பார்ப்பார்கள். தாராளமாக வரவேற்கலாம். 1965-இல் தமிழகம் கொதித்தெழுந்தது திணிப்பை எதிர்த்து. இத்தாலி மொழி படிக்காவிட்டால் வேலை இல்லை என்று எவரும் நம்மை மிரட்டவில்லை. விரும்பிக் கற்பதற்கும் விலங்கு பூட்டுவதற்கும் வேறுபாடு தெரியாதவர்களா நாம்?

இனிப் பயனுக்கு வருவோம். இத்தாலியின் பாலெர்மோ நகரில் ஈழத் தமிழர் பலர் உழைத்து வாழ்கிறார்கள். லத்தீனா மாவட்டத்துப் பண்ணைகளில் பஞ்சாபித் தொழிலாளர் முதுகு வளைகிறார்கள். நம் தோட்டங்களில் கங்காணி என்றோமே, அங்கே அவன் பெயர் 'கப்பொராலே'. பெயர்தான் வேறு, பிடி ஒன்றே! 2016 ஏப்ரலில் அந்தப் பஞ்சாபியர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தித் திரண்டனர். அதே ஆண்டில் கங்காணிக் கொடுமைக்கு எதிரான சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கொடுமை சாகவில்லை. 2024 ஜூனில் 31 வயதுப் பஞ்சாபித் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல், வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள்! இரண்டு நாளில் அவர் உயிர் போயிற்று.

நான்கு சொல் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அவரைக் கொன்றது இலாப வெறி. ஆனால் கூலிச் சீட்டைப் படிக்கவும், சங்கத்தின் கதவைத் தட்டவும், நீதிமன்றத்தில் தன் வாயாலேயே சொல்லவும் மொழி வேண்டும். நெடுங்காலம் தங்கும் உரிமைக்கே அங்கு மொழித் தேர்வு இருக்கிறது. வாயில்லாத தொழிலாளியைத்தான் கங்காணி தேடுகிறான்.

இத்தாலித் தொழிலாளர் இதை அறிந்திருந்தார்கள். 1973-இல் உலோகத் தொழிலாளர் தங்கள் ஒப்பந்தத்தில் ஓர் உரிமையை வென்றெடுத்தனர்: மூன்றாண்டுகளில் 150 மணி நேரம், கூலி வெட்டின்றிப் படிப்பதற்கு. "இசைக்கருவி வாசிக்கக் கற்பதற்கா இந்த நேரம்?" என்று முதலாளிகள் எள்ளியதாகச் சொல்வதுண்டு. "விரும்பினால் அதையும்தான்!" என்பதே சங்கத்தின் பதில். லோயர் கேம்ப்பைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் நமது பதில் அதுவே.

ஆகவே நாம் கேட்கிறோம். ஆட்சி எவருடையதானாலும் கேட்போம். மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் அயல்மொழித் தொடக்க வகுப்புகள் வேண்டும். அவை கட்டணமின்றி, வேலை முடிந்து வருவோருக்கும் திறந்திருக்க வேண்டும். படிக்கும் நேரத்துக்குக் கூலி என்ற கோரிக்கை நம் சங்கங்களின் பட்டியலிலும் ஏற வேண்டும்.

தோழர்களே! நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட படிப்பகங்களில் வளர்ந்த இயக்கம் இது. அந்த மேசையில் ஓர் இத்தாலிப் பாடநூலும் இருக்கட்டும். தமிழ் நமக்குத் தாய்வீடு. தாய்வீடு உறுதியாக இருப்பவன் எந்த ஊர்த் தெருவுக்கும் அஞ்சாமல் போய் வருவான். பையன் படிக்கட்டும், கேலி பேசுபவரிடம் நாம் பேசிக்கொள்வோம்.