செத்த போர்டோடு போகும் சாவி

கேம் கன்சோலின் மதர்போர்டு செத்துவிட்டால், உள்ளேயிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும், சேர்த்து வைத்ததெல்லாம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் அந்தக் கணக்கு பலிக்காது. அதிலிருந்தது 8 அல்லது 10 ஜிபி கொள்ளளவுள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனிகள் கம்ப்யூட்டருக்குச் செய்து விற்ற அதே வகைச் சரக்கு. ஆனால் கரன்ட் கொடுத்ததும் அது பாஸ்வேர்ட் கேட்கும். சொல்லாவிட்டால் தன் பெயரையும் சீரியல் எண்ணையும் தாண்டி ஒன்றும் தராது. அந்தப் பாஸ்வேர்டை மனிதர் யாரும் வைத்ததில்லை. மதர்போர்டில் 256 பைட் மட்டுமே கொள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதில் அந்தப் பெட்டிக்கென்றே எழுதிய 16 பைட் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும் டிஸ்க்கின் மாடல் பெயர், சீரியல் எண் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு முறை பெட்டியை இயக்கும்போதும் பாஸ்வேர்ட் புதிதாகத் தயாராகிறது. ஆகவே பக்கத்து வீட்டு எக்ஸ்பாக்ஸில் மாட்டினாலும் இந்த டிஸ்க் வாய் திறக்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிஸ்க்கில் எழுதப்பட்டிருப்பது எதுவும் மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. எழுத்தெல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. டிஸ்க்கின் சொந்த சர்க்யூட்தான் வழிமறித்து நிற்கிறது. பூட்டைத் திறப்பதும் அதனால் கைகூடுகிறது. ஓடுகிற எக்ஸ்பாக்ஸ் என்றால், அதையே பூட்டைத் திறக்கவிட்டு, கரன்ட்டை நிறுத்தாமல் டேட்டா கேபிளை மட்டும் உருவிக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவார்கள். ஒருமுறை திறந்த டிஸ்க் கரன்ட் போகும்வரை திறந்தேதான் இருக்கும். பெட்டி செத்துப்போயிருந்தால் வேலை கூடும். அப்போதும் அந்த 256 பைட் சிப் பெரும்பாலும் உயிரோடிருக்கும். அதற்கு மட்டும் தனியாகக் கரன்ட் கொடுத்து, நாலு ஒயரைப் பற்றவைத்து, ஆர்டுயினோ அல்லது ராஸ்பெரி பை போன்ற மலிவான போர்டால் படித்து, பாஸ்வேர்டைக் கணக்கிட்டு, லினக்ஸில் ஒரு கட்டளையில் கொடுத்தால் டிஸ்க் திறந்துவிடும். கெடு ஒன்றுதான். கடிகாரத்துக்காக வைத்த கெப்பாசிட்டர் வயதானால் கசியும். கசிந்த திரவம் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். இருபது வருஷத்துக்கு மேலான அந்தப் பெட்டிகளில் இந்த அரிப்பு சர்வ சாதாரணம். சிப்பும் போய்விட்டால், நல்ல நிலையிலிருக்கும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு கையைப் பிசைய வேண்டியதுதான்.

என் வழக்கு பூட்டின் மீதல்ல. சாவியை ஒரே இடத்தில் வைத்து, பெட்டிக்குக் காசு கொடுத்தவருக்கு ஒரு நகல்கூடத் தராமல் விற்பதன் மீதுதான். எக்ஸ்பாக்ஸின் பூட்டு யாரை எதிர்த்துப் போடப்பட்டது? திருட்டு கேம் போடுகிறவர்களை எதிர்த்து. அவர்களை அது எத்தனை நாள் நிறுத்தியது? 2002-ஆம் ஆண்டே, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ ஹுவாங், மதர்போர்டில் சிப்புகளுக்கிடையே ஓடிய சிக்னலை ஒட்டுக்கேட்டு, இயந்திரத்தின் ரகசியச் சாவியையே எடுத்துவிட்டார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம், வழக்குக்குப் பயந்து பின்வாங்கியது. 2003-இல் அவரே அச்சிட்டு விற்றார். அதே காலத்தில், ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பு ஒன்றைத் திருத்தி, அதை கேமுக்குள் நுழைத்தே பெட்டியைத் தன்வசப்படுத்தும் வித்தையும் பரவிவிட்டது. திருடனுக்குச் சில மாதத் தடை. பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு ஆயுள் தடை.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு எக்ஸ்பாக்ஸ் பற்றி எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், அந்த முதல் பெட்டி நம் ஊர் வீடுகளில் புழங்கிய பொருளல்ல. ஆனால் அதிலிருந்த ஏற்பாடு இன்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, முன்னைவிடக் கெட்டியாக. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, டிஸ்க்கில் எழுதுவதையே மறையாக்கம் செய்து எழுதியது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் அப்படியே. அந்தக் காலம்போல மெமரி சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றிப் படித்துப் பயனில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் லேப்டாப்புகளில் கேட்காமலேயே மறையாக்கம் செயல்படத் தொடங்கிவிடுகிறது. போர்டு எரிந்து, அதன் டிஸ்க்கை வேறொன்றில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. கணக்கு யாரிடம் இருக்கிறது? இங்கேதான் நம் ஊர் நிலைமையைப் பார்க்க வேண்டும். எத்தனையோ குடும்பங்களில் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியது போன் கடைப் பையன் அல்லது இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தவர். பாஸ்வேர்ட் அன்றே மறந்துபோனது. கொடுத்த நம்பரோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம். கணக்கில் இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் இவர்களுக்கு ஒன்றுதான்.

நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கனக்கிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் கையிலிருந்த மலை அது. நிலத்துக்குத் தாள் வாங்குவதே அங்கு பெரும்பாடு. வன உரிமைச் சட்டம், 2006-இன்படி கொடுத்த மனு, இனச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிற காலம் இது. சர்வீஸ் கடைக்காரர் போர்டு போயிடுச்சு என்று சொல்லும்போது, போட்டோக்களும் அதோடு போகின்றன. அசல் தாள் இருந்தால் பரவாயில்லை, கரையான் தின்றிருந்தால்?

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் திருட்டு. பூட்டு இல்லாவிட்டால், பஸ்ஸில் தொலைத்த போனைக் கண்டெடுத்தவன் குடும்பப் படங்களையெல்லாம் பார்ப்பானே, பெண்களை மிரட்டுவானே என்பார்கள். முழுக்க உண்மை. அதனால்தான் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி, ஒன்று வாடிக்கையாளரிடம் இருக்கிறது. அதற்காக லாக்கர் பலவீனமானது என்று யாரும் சொல்வதில்லை. மீட்பு எண்ணைத் தாளில் அச்சடித்து வீட்டில் வைத்திருந்தால், பஸ்ஸில் போனை எடுத்தவன் கையில் அந்தத் தாள் இருக்காது. கேம் கம்பெனிகள் சொல்லும் காரணம் வேறு: சேவ் கோப்பை வெளியே விட்டால் ஏமாற்றி விளையாடுவார்கள். ஏமாற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஆன்லைன் ஆட்டம் நடக்கும் சர்வர். தனியாக உட்கார்ந்து ஆடுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டால் யாருக்கென்ன நஷ்டம்?

மூன்றாவது வாதம்தான் எனக்கு எரிச்சல் தருவது: கிளவுடில் போட்டுவைக்க வேண்டியதுதானே. பிளேஸ்டேஷன் 5-இல் அதற்கென வந்த கேம்களின் சேவ் கோப்புகளை யுஎஸ்பியில் எடுக்க வழி வைக்கவில்லை. மாதச் சந்தா கட்டினால் கிளவுடில் வைக்கலாம். நின்டென்டோ ஸ்விட்சிலும் கிளவுடுக்குச் சந்தா உண்டு. சில கேம்களுக்கு அந்த வசதியே கிடையாது. தன் பொருளின் நகலைத் தானே வைத்துக்கொள்வதற்கு மாத வாடகை. சிக்னலுக்காக மேட்டைத் தேடிப் போகிற மலைக் கிராமத்தில் கிளவுட் பேக்கப் என்று சொல்வது பரிகாசமாகத்தான் படும். கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் தடுக்கிறதா? அமெரிக்காவில் 1998-இன் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது; கன்சோலில் கேம் வட்டு போடும் டிரைவைப் பழுதுபார்க்க மட்டும் விலக்கு கிடைக்க 2021 ஆகிவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு அவ்வளவு முரடல்ல. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். தன் குழந்தையின் படத்தை எடுக்கத் தன் டிஸ்க்கைத் திறப்பவருக்கு அந்த நோக்கம் இல்லை. எனவே தடை சட்டத்தில் இல்லை, சர்க்யூட்டில்தான் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. பேச்சு பெரும்பாலும் உதிரி பாகம், கையேடு, கழற்றும் எளிமை என்றே சுற்றுகிறது. பெட்டியைச் சரிசெய்ய முடியாமல் போனாலும் உள்ளிருப்பதை எடுக்க வழி உண்டா என்ற கேள்விக்கும் அதில் இடம் வேண்டும்.

எல்லாக் கம்பெனிகளையும் வழிக்குக் கொண்டுவர டெல்லியால்தான் முடியும். ஆனால் மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலிருந்து லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிப் பழகிய அரசு இது. மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் டெண்டரில் ஒரு நிபந்தனை கூடுதலாக எழுதினால் கம்பெனிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மறையாக்கம் போட்டிருக்கும் லேப்டாப்பை வெள்ளிமலையிலோ சங்கராபுரத்திலோ ஒரு மாணவியிடம் கொடுக்கும்போது, அதன் மீட்பு எண்ணை அச்சடித்த தாளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். 48 இலக்கம், ஒரு தாளில் ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை வைக்கிற அதே ஃபைலில் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.