உள்ளே வைத்தது எந்தக் கம்பெனி?



பிரான்ஸின் தென்கடற்கரையில், தூலோன் நகரை ஒட்டி லா சேன் சுர் மேர் என்று ஓர் ஊர். அங்கே இருந்த பி.ஐ.பி. என்ற கம்பெனியின் மார்பக இம்ப்ளான்ட்கள் 65 நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை அளவுக்கு மீறி உடைந்து கசிகின்றன என்று மருத்துவர்கள் புகார் சொன்னார்கள். 2010 மார்ச்சில் பிரெஞ்சு அரசின் ஆய்வாளர்கள் போய் நின்றபோது, மதில் ஓரமாகக் காலி பிளாஸ்டிக் கேன்கள் கிடந்தன. தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிக்கோன் வந்திறங்கிய கேன்கள் அவை. உடம்புக்குள் வைக்க அனுமதி பெற்ற ஜெல்லை விட்டுவிட்டு, இந்த மலிவுச் சரக்கைக் கொண்டு தானே ஜெல் தயாரித்து நிரப்பியிருந்தது கம்பெனி. உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பெண்களின் நெஞ்சுக்குள் பி.ஐ.பி. இருந்தது.

இத்தனைக்கும் தரச்சான்று பக்காவாக இருந்தது. கொடுத்தது ஜெர்மனியின் டூவ் ரைன்லாண்ட். அவர்களுடைய தணிக்கையாளர்கள் தேதி சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அதற்குள் பி.ஐ.பி. ஆட்கள் கேன்களை ஒளித்து, ரெஜிஸ்டர்களைத் திருத்தி வைத்துவிடுவார்கள். பெண் பார்க்க வரும் நாளில் எந்த வீட்டுத் திண்ணைதான் குப்பையாகக் கிடக்கும்? நாங்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான், காகிதங்களைச் சரிபார்ப்பதே எங்கள் வேலை என்றது டூவ் நிறுவனம். வழக்கு கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கி, 2021-இல் பாரிஸ் அப்பீல் கோர்ட், அவர்கள் தரப்பில் அலட்சியம் உண்டு என்றது. பி.ஐ.பி.யின் நிறுவனர் ழான் குளோட் மாஸுக்கு 2013-இல் மார்சேய் நீதிமன்றம் கொடுத்தது 4 ஆண்டுச் சிறை. வழக்குத் தொடுத்த பெண்கள் 5,000 பேருக்கு மேல். தண்டனை எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

'அழகுக்காக ஆசைப்பட்டால் இப்படித்தான்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்துவிட்டு, மறுபடி சேலை சரியாக நிற்க வேண்டுமே என்று இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அழகுக்காகவே வைத்துக்கொண்டிருந்தாலும் என்ன, காசு கொடுத்து வாங்கிய பொருளில் கலப்படம் செய்தவனுக்கு அது சாக்காகிவிடுமா?

எல்லா இம்ப்ளான்ட் சிக்கலிலும் மோசடி இருப்பதில்லை. அலெர்கன் கம்பெனியின் பயோசெல் இம்ப்ளான்ட்கள், உள்ளே நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக மேற்புறம் சொரசொரப்பாக இருக்கும்படி செய்யப்பட்டவை. இவ்வகை இம்ப்ளான்ட்டைச் சுற்றி, அபூர்வமாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரியவந்தது. 2019 ஜூலையில், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டபின், உலகம் முழுக்க அவை திரும்பப் பெறப்பட்டன. அப்போது எஃப்.டி.ஏ.வின் கணக்கில் இருந்த நோயாளிகள் 573 பேர்; இறந்தவர்கள் 33 பேர்.

இங்கே 'திரும்பப் பெறுதல்' என்பதைக் கேட்டுப் பதற வேண்டாம். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிற சரக்குதான் திரும்பிப் போகிறது. தொந்தரவே இல்லாதவர்கள் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை என்றுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, வலி நீடித்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், இம்ப்ளான்ட்டையும் சுற்றியிருக்கும் உறையையும் முழுதாக எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. பி.ஐ.பி. கதை வேறு: 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டில் 30,000 பெண்களை எடுத்துவிடச் சொல்லி, செலவையும் ஏற்றது.

தன் உடம்பில் இருப்பது எந்த ரகம் என்று தெரிந்தால்தானே இதில் எதையும் செய்ய முடியும்? பி.ஐ.பி. விவகாரம் வெடித்தபோது பிரிட்டனில் பல தனியார் கிளினிக்குகளிடம் ஒழுங்கான கணக்கு இல்லை. யாருக்கு எதை வைத்தோம் என்று குறித்துவைக்கும் இப்போதைய தேசியப் பதிவேடு அங்கே வந்ததே 2016-இல்தான்.

இம்ப்ளான்ட் பெட்டிக்குள் கம்பெனிப் பெயர், மாடல், லாட் நம்பர், சீரியல் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், இன்னொன்று நோயாளியின் கார்டுக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால், கார்டு இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள், 'அதெல்லாம் எதுக்கும்மா?' என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கிடைத்ததும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்