பத்தொன்பது வயதோடு மாதவிடாய் நின்றுவிடுமா?



இலவச நாப்கின் என்று பேச்செடுத்தாலே, "அதுதான் தமிழ்நாட்டில் எப்போதோ வந்துவிட்டதே" என்கிறார்கள். வந்தது உண்மை. 2011இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' நல்ல திட்டம்தான். ஆனால் யாருக்கு? 10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பெண்களுக்கு, அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்கு, சிறையில் இருக்கும் பெண்களுக்கு. வளரிளம் பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு 18 நாப்கின். அதாவது ஒரு மாதவிடாய்க்கு 9. ஐந்து நாள் உதிரம் போனால் நாளுக்கு இரண்டுகூட வராது.

இத்தலார் பக்கம் வாருங்கள். கூலிக்குக் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு வயது முப்பத்தைந்து. திட்டத்தின் கண்ணில் அவர் படமாட்டார். காலையில் சரிவில் ஏறினால் மாலைதான் இறங்குவார். எடைக்குக் கூலி என்றால், துணி மாற்ற ஒதுங்கும் நேரமும் கூலியில்தான் கழியும். ஒதுங்கத்தான் இடம் எங்கே? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தோட்டமாக இருந்தது. இங்குள்ள சிறு விவசாயிகளின் தேயிலைக் காடுகள் அந்தக் கணக்கில் வராதவை. அவர்களைத் திட்டியும் பயனில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு அவர்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள். பொறுப்பு அரசுடையது.

"பழைய துணி போதாதா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துணி கேவலமில்லை. சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் நல்லதுதான். நீலகிரி மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? வெயில் அடித்தாலும், தீட்டு என்ற சொல் அந்தத் துணியைக் கொடியில் போட விடுவதில்லை. ஈரத்தோடு மூலையில் ஒளிகிறது.

ஸ்காட்லாந்தில் 2022 ஆகஸ்ட் முதல் தேவைப்படும் எவருக்கும் இலவசமாகத் தர வேண்டியது உள்ளாட்சியின் சட்டக் கடமை. வயதோ வருமானமோ கேட்பதில்லை. நாம் கேட்பதும் அதுதான்: வயது வரம்பை எடு. கிராம சுகாதார செவிலியர் கையிலும், கொழுந்து வாங்கும் கூட்டுறவுத் தொழிற்சாலையிலும் கிடைக்கச் செய்.

இன்னொன்றை நம் இயக்கம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள். பயன்படுத்திய நாப்கினை யார் கையால் பிரிக்கிறார்கள்? பெரும்பாலும் நம் பெண்கள்தான், தூய்மைப் பணியாளர்கள். ஒவ்வொரு நாப்கினுக்கும் உறை கொடுக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்தன. அந்த உறையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இலவசமாகக் கொடுக்கும் அரசு உறையையும், எடுப்பவருக்குக் கையுறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தலித் பெண்ணுக்குத் தந்த மானத்தை இன்னொரு தலித் பெண்ணிடமிருந்து பறித்ததாகிவிடும்.

மே 1 அன்று கிராம சபை கூடும். கல்லூரித் தோழர்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் அன்று சபைக்கு வரட்டும், வாசிப்பதும் அவர்களாகவே இருக்கட்டும்.